மேஸ்திரி வீட்டு மரச்சுவர்

மேஸ்திரிக்கு மரத்தின் மேல் தனிப்பட்ட கோபம் ஒன்றும் கிடையாது. மரம் கட்டிலாக இருக்கலாம், கதவாக இருக்கலாம், ஏணியாக நின்று அவர் பாரத்தைத் தாங்கலாம். சுவராக மட்டும் இருக்கக் கூடாது. சுவர் என்றால் செங்கல், செங்கல்லுக்கு நடுவே சாந்து, அதற்கு மேலே பூச்சு. முப்பத்திரண்டு வருடமாக அப்படித்தான் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் குடியிருக்கும் தெருவிலேயே ஏழு வீடுகளில் அவர் கை பட்டிருக்கிறது. அந்த ஏழு வீட்டைத் தாண்டும்போதும் அவர் நடை தானாகக் கொஞ்சம் மெதுவாகும். பார்க்கிறவர்கள் முழங்கால் வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர் தன் சொந்த வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை சேர்த்துக் கட்ட வேண்டி வந்தது. அவருடைய அக்காவுக்காக.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, தம்பி வீட்டு மாடி அறையில் ராணி மாதிரி இருந்தாள். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், ரிவர்ஸில் வந்த வேன் ஒன்று அவளைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. இடுப்பும் இரண்டு காலும் போயின. ஆஸ்பத்திரியில் நான்கு மாதம், அதற்குப் பிறகு பயிற்சி நிலையத்தில் மூன்று மாதம். இப்போது யார் உதவியும் இல்லாமல் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறிக்கொள்வாள். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் மாடிக்கு ஏறப் பதினாலு படி, ஒவ்வொன்றும் செங்குத்து. குளியலறை மாடியில். கீழே சமையலறையும் ஒரு கூடமும். கூடத்தில் பாதியை மேஸ்திரியின் மனைவியுடைய தையல் மெஷின் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் துணி தைக்கிறவள்.

இந்த நிலைமையில்தான் பயிற்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. அன்றிலிருந்து பத்தாவது வாரம் திங்கட்கிழமைக்குள் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். அதற்கு முன் ஓர் அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார். கீழ்த்தளத்தில் அறை, அதோடு குளியலறை, படி இல்லாத வாசல், அகலக் கதவு எல்லாம் வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே டாக்டர் தன் கையால் ஒரு வரி சேர்த்து இரண்டு கோடு போட்டிருந்தார்: அறையில் ஈரம் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு இரண்டு முறை நெஞ்சில் சளி கட்டி, இரண்டு முறையும் பிழைத்தது பெரிய விஷயம். அறை தயாராகவில்லை என்றால் நான்கு மணி நேர ரயில் பயணத்தில் ஒரு பராமரிப்பு விடுதி இருக்கிறது, அங்கே தற்காலிகமாக இடம் தருவார்கள். தற்காலிகம் என்றால் எத்தனை நாள் என்று மேஸ்திரி போனில் கேட்டார். அந்த அதிகாரி பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "போனவங்கள்ல திரும்பி வந்தவங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கறது ஒருத்தர்தான்" என்றாள்.

மேஸ்திரி போனை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்து நான்கு மாதம் அவர் மல்லாந்து கிடந்தார். அக்கா இருந்த லீவையெல்லாம் எடுத்தாள், தீர்ந்ததும் மாலை டூட்டிக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் போட்டாள். நான்கு மாதத்தில் முதுகில் ஒரு புண் வரவில்லை. அப்போது மேஸ்திரிக்குக் கல்யாணமாகி எட்டே மாதம். அழுது வீங்கிய கண்ணோடு நின்ற புதுப்பெண்ணிடம் அக்கா சொன்னாள்: "நீ போய்த் தூங்கும்மா. இவன் எங்கயும் ஓடிட மாட்டான்." வீட்டில் எல்லோரும் சிரித்தது அந்த மாதத்தில் அன்றைக்குத்தான்.

ஆக, அறை கட்டியே ஆக வேண்டும். அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை. மேஸ்திரி அன்றைக்கே செங்கல் சூளைக்காரரிடம் பேசிவிட்டு வந்து, பெரிய காரியத்தை முடித்தவர் போல நாற்காலியில் சாய்ந்தார். மனைவி ஒரு தாளையும் பென்சிலையும் அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க."

"என்னத்த எழுத?"

"எந்த வாரம் என்ன வேலைன்னு. நீங்களே எழுதுங்க. நான் வாயே திறக்கல."

அவள் வாயைத் திறக்காமல் இருந்ததுதான் அவருக்குக் கலக்கமாக இருந்தது. எழுத ஆரம்பித்தார். அஸ்திவாரத்துக்கு இரண்டு வாரம். சுவருக்கு மூன்று, மழைக்காலம் என்பதால் நான்கு என்று திருத்தினார். கூரைக்கு இரண்டு. குழாய், மின்சாரம் ஒன்று. பூச்சு இரண்டு. அடுத்த வரியில் 'காய' என்று எழுதியதும் பென்சில் நின்றுவிட்டது.

"மழைக்காலத்துல பூச்சு காய எவ்வளவு நாள்?" என்றாள் மனைவி, வாயே திறக்காதவள்.

"காத்து அடிச்சா..."

"அடிக்கலைன்னா?"

"ஒண்ணரை மாசம். ரெண்டு மாசம்னே வையேன்."

வீடு கட்டச் சொல்கிறவர்களிடம் வாரக்கணக்கைக் கொஞ்சம் சுருக்கிச் சொல்வது மேஸ்திரிமார்களுக்குக் கை வந்த கலை. நம்ம மேஸ்திரியும் அதில் சளைத்தவர் அல்ல. ஆனால் தன் கையெழுத்தில் இருந்த தாளிடம் அந்தப் பருப்பு வேகவில்லை. கூட்டிப் பார்த்தால் பத்தொன்பது வாரம் வந்தது.

மனைவி இடுப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அது மரச்சட்டச் சுவருக்கான கணக்கு. அஸ்திவாரம் இரண்டு வாரம். அதே இரண்டு வாரத்தில் பட்டறையில் சுவர்களை முழுசாகச் செய்து முடித்துவிடுவார்கள். கொண்டுவந்து நிறுத்த இரண்டு நாள். கூரை, சுவருக்குள்ளே குளிரைத் தடுக்கப் பஞ்சு, பலகை, குழாய் எல்லாம் சேர்த்து ஆறு வாரம். காயவைக்க ஒன்றுமே இல்லை. மொத்தம் எட்டு வாரமும் சில நாளும். மேஸ்திரி அதைப் படிக்கும்போதே முகத்தைச் சுளித்தார். கணக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. கையெழுத்து அதைவிடப் பிடிக்கவில்லை. அறையின் நீளத்தை 'ஐந்து மீட்டர்' என்று போடாமல் '5000' என்று போடுகிற ஆள் அந்த ஊரில் ஒருத்தர்தான்.

"அவன்கிட்ட போனியா நீ?"

"போனேன். அண்ணே நல்லா பேசினாரு. உக்கார ஸ்டூல் போட்டாரு."

அந்த அண்ணன் ஒரு தச்சர். ஊரில் அவருக்குப் பேர் மில்லிமீட்டர். எதையும் மில்லிமீட்டரில்தான் சொல்வார். பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று கேட்டால்கூட யோசித்துவிட்டுத்தான் பதில் வரும். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு பழைய பள்ளிக்கூடத்துக்கு மேல் மாடி எடுத்தார்கள். மேஸ்திரி சுவர், மில்லிமீட்டர் ஜன்னல். பதினெட்டு ஜன்னல் சட்டத்தையும் வரைபடத்தில் இருந்தபடி இம்மி பிசகாமல் செய்துகொண்டு வந்தார் தச்சர். மேஸ்திரி விட்டிருந்த பதினெட்டு இடத்தில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. "உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்று இருபது பேர் முன்னால் கேட்டார் மில்லிமீட்டர். "சட்டத்தைச் சீவிக்கோ, மிச்சத்த சாந்துல சமாளிச்சுக்கலாம்" என்றார் மேஸ்திரி. அன்றோடு பேச்சு நின்றது. அதற்குப் பிறகு ஆணிக்கடையில் எதிர்ப்பட்டால் இரண்டு பேரும் ஆணிகளை அவ்வளவு அக்கறையாகப் பார்ப்பார்கள்.

மறுநாள் மேஸ்திரி அக்காவைப் பார்க்கப் போனார். நலம் விசாரிக்க என்று வீட்டில் சொன்னார். உண்மையில் ஆள் சேர்க்கத்தான் போனார். சின்ன வயதிலிருந்து எந்தச் சண்டையிலும் அக்கா அவர் பக்கம். ஜன்னலோரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த அக்காவிடம் மூச்சு விடாமல் சொன்னார். மரம் என்றால் சுவரைத் தட்டினால் டொக்கென்று கேட்கும். பெட்டிக்குள் இருப்பது போல இருக்கும். நூறு வருடம் நிற்க வேண்டாமா? மேஸ்திரி வீட்டுக்கு மரச்சுவர் என்றால் ஊர் சிரிக்காதா?

அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள்.

"நீ சொல்றது சரிதான். செங்கல்தான் நல்லது" என்றாள்.

"பாத்தியா!"

"கட்டி முடிச்சதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அந்த விடுதியில என் கட்டிலுக்கு மேல மாட்டி வச்சுக்கறேன்."

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அவர் கையைப் பிடித்தாள். பஸ்ஸில் முப்பது வருடம் கம்பியைப் பிடித்த கை; பிடி இன்னும் இரும்புதான்.

"சிரிப்புக்குச் சொல்லலடா. எனக்கு வீட்டுக்கு வரணும். சுவரு எதால இருந்தா என்ன? பேப்பர்ல செஞ்சாலும் வரேன். என்னை அங்க அனுப்பிடாதடா."

அக்கா கெஞ்சி அவர் கேட்டதில்லை. வேலையிடத்தில், ஆஸ்பத்திரியில், அப்பா அம்மா போனபோதுகூட அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. மேஸ்திரி வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, வந்த இரண்டு பஸ்ஸையும் விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுமுன்னே சொன்னார்.

"மரமே இருக்கட்டும். ஆனா அஸ்திவாரம் என் கையால. அதுல எவனும் மூக்கை நுழைக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள் மனைவி. ஜெயித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

மில்லிமீட்டர் அளக்க வந்தார். ஒரு மணி நேரமும் இருவரும் நடுவில் அவளை நிறுத்தி, அவள் வழியாகவே பேசினார்கள். "தளம் மட்டமா இருக்கணும்னு சொல்லும்மா." "எனக்கு மட்டம் சொல்லித்தர வேண்டாம்னு சொல்லு." "மூலைக்கு மூலை குறுக்கால ரெண்டு அளவும் ஒண்ணா வரணும்னு சொல்லும்மா. மரம் பட்டறையில வெட்டி வர்றது. இங்க வந்து வளையாது." "தாள்ல எழுதி வச்சுட்டுப் போகச் சொல்லு." இரண்டு பேரும் எட்டடி தூரத்தில்தான் நின்றார்கள். அவள் பாவம், ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தைக்க உட்கார்ந்துவிட்டாள். அப்படியும் அவர்கள் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். போவதற்கு முன் மில்லிமீட்டர் அறைக்கு வேண்டாத இடத்தையும் அளந்தார். பழைய வீட்டின் பக்கச்சுவரை முன்னும் பின்னுமாக இரண்டு முறை. நோட்டில் எதையோ குறித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனார்.

மேஸ்திரி வேலைக்கு லீவு போட்டார். தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு மழையோடு மல்லுக்கட்டித் தோண்டினார், கான்கிரீட் போட்டார், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுற்றிலும் செங்கல் வரிசை எடுத்தார். மரச்சுவர் அதன் மேல்தான் உட்கார வேண்டும். ஒவ்வொரு கல்லும் அக்காவுக்கு என்று வைத்தார். இணைப்புகளை விரல் நுனியால் தடவிப் பார்த்தார். தன் வாழ்நாளில் இவ்வளவு அழகாக ஒரு வரிசை வைத்ததில்லை என்று அவருக்கே தோன்றியது, அது உண்மையும்கூட.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. பெருக்கித் தண்ணீர் தெளித்து இடுப்பில் கை வைத்து நின்றார். மனைவி டீயோடு வந்தாள்.

"நல்லா வந்திருக்குங்க. மூலைக்கு மூலை அளக்கணும்னு தாள்ல இருந்துச்சே, அளந்தாச்சா?"

"அளந்துட்டா போச்சு. அந்த முனையைப் பிடி."

பிடித்தாள். ஓர் அளவு எடுத்தார். மாறி நின்று மற்ற அளவு எடுத்தார். டேப்பை உதறிவிட்டு மறுபடி எடுத்தார். உள்ளே போய் வேறு டேப் கொண்டுவந்து எடுத்தார். டேப்புகள் இரண்டும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே பதிலைச் சொல்லின: இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரவில்லை. பின்சுவர் வரிசையை அளந்தார். நான்காயிரம் இருக்க வேண்டிய இடத்தில் நான்காயிரத்து நாற்பது இருந்தது.

எப்படி வந்தது என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. பழைய வீட்டோடு புதுசாக ஒன்றைச் சேர்க்கும்போது எந்த மேஸ்திரியும் மூலைமட்டத்தை நம்ப மாட்டார். பழைய சுவரைப் பார்த்து, அதன் போக்கிலேயே நூல் பிடிப்பார். பழைய சுவர் கோணலாக இருந்தால் புதுசும் அதோடு கோணலாகப் போகும். அப்போதுதான் தெருவிலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு நேராகத் தெரியும். அது ஒரு மரியாதை மாதிரி. தாளில் என்ன எழுதியிருந்தாலும், அவர் கை தானாக நூலை எடுத்துப் பழைய பக்கச்சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தது. வீடு கோணல். அவர் வீட்டை நம்பிவிட்டார்.

"நாலு சென்டிமீட்டர்தான. சாந்துல சமாளிச்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். இந்தச் சுவரில் சாந்தே கிடையாது.

"துணிய வெட்டியாச்சுங்க. இப்ப போய் உடம்பு பெருத்துடுச்சுன்னு நிக்கறோம்" என்றாள் மனைவி மெல்ல. குத்திக் காட்டவில்லை. அவள் குரலில் பயம் இருந்தது.

இடித்துவிட்டு மறுபடி கட்டினால் ஒரு வாரம், இறுக இன்னொரு வாரம். கையில் இருந்ததே ஒரு வாரத்து இடைவெளிதான். திங்கட்கிழமை லாரியும் கிரேனும் வரும். நான்கு சுவரில் ஒன்று குட்டையாக நிற்கும். எல்லாம் திரும்பிப் போகும். அக்கா அந்த ரயிலில் ஏறுவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.  டீயைக் குடிக்காமலே வாசலைப் பார்த்து நடந்தார். எங்கே என்று மனைவி கேட்கவில்லை.

பட்டறை பன்னிரண்டு நிமிட நடை. அரைமணி ஆயிற்று. உள்ளே ரம்பச் சத்தமும் பச்சை மர வாசனையும். நீள மேசைகளில் அவருடைய அறையின் சுவர்கள் படுத்துக் கிடந்தன, ஜன்னல் இடமும் அகலக் கதவு இடமும் விட்டு. மனசு கெட்டிருந்த நேரத்திலும் மேஸ்திரியின் கை சும்மா இருக்கவில்லை. ஓர் இணைப்பில் நகத்தை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. மில்லிமீட்டர் மெஷினை நிறுத்தினார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள், நடுவில் மேஸ்திரியின் மனைவி இல்லாமல்.

"தப்பு பண்ணிட்டேன்யா" என்றார் மேஸ்திரி.

மில்லிமீட்டர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "எவ்வளவு?"

"நாப்பது."

"எங்க?"

"பின்சுவர்ல. வீட்டுச் சுவரப் பிடிச்சு நூல் போட்டுட்டேன். திட்டணும்னா திட்டிக்கோ. எங்க அக்காவுக்கு மட்டும் ஏதாவது வழி பண்ணு."

தச்சர் திட்டவில்லை. "வா" என்று பட்டறையின் கோடிக்குக் கூட்டிப் போனார். அங்கே சட்டமரங்கள் வெட்டாமல் முழுசாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேல் கட்டையில் சாக்கட்டியால் எழுதியிருந்தது: 'பின்சுவர். மேஸ்திரி அளவு வந்த பிறகு.'

மேஸ்திரி அதை இரண்டு தடவை படித்தார்.

"உங்க வீட்டுப் பக்கச்சுவர் ஓடற ஓட்டத்துக்கு, பின்னால முப்பத்தெட்டு அதிகம் வரும்னு அன்னைக்கே பாத்தேன்" என்றார் மில்லிமீட்டர். "நீ வீட்டத்தான் பிடிப்பேன்னு தெரியும். பள்ளிக்கூடத்துல கீழ்மாடிய பிடிச்ச மாதிரி. அன்னைக்குப் பதினெட்டு சட்டத்தச் சீவும்போதுதான் எனக்குப் புரிஞ்சுது. நீ கண்ணு தெரியாம கட்டல, கீழ இருந்த கோணலோட சேத்துக் கட்டியிருக்க. அதுக்குள்ள கத்தித் தொலைச்சுட்டேன். அப்புறம் எப்படி வந்து பேச?"

"அளக்க வந்தப்பவே சொல்லியிருக்கலாமேய்யா."

"சொன்னா கேட்டிருப்பியா?"

மேஸ்திரி யோசித்தார். "கேட்டிருக்க மாட்டேன்."

"அதான் வெட்டாம வச்சேன்."

"நான் வந்து சொல்லலைன்னா?"

"ஞாயித்துக்கிழமை டேப்போட நானே வந்திருப்பேன். உனக்காக இல்ல." மில்லிமீட்டர் மரத்தூளை ஊதித் துடைத்தார். "நான் தொழிலுக்கு வந்த மூணாம் நாள், உளிப் பையை பஸ்லயே விட்டுட்டு இறங்கிட்டேன். கடன் வாங்கின உளி. வீட்ல சொல்ல முடியாம உக்காந்திருந்தேன். உங்க அக்கா டூட்டி முடிச்சுட்டு, தெருத்தெருவா விசாரிச்சு, வீட்டுக்கே கொண்டு வந்து குடுத்துச்சு. யாரு என்னன்னுகூடக் கேக்கல. தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போச்சு."

மேஸ்திரிக்கு இது தெரியாது. அக்கா சொன்னதே இல்லை. இன்னும் எத்தனை பேர் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாளோ என்று நினைத்தார். கட்டட வேலைக்காரர்கள் நன்றி சொல்லிக்கொள்வதில்லை. டீ வாங்கித் தருவார்கள், பீடியை நீட்டுவார்கள், அதிகபட்சம் தோளில் ஒரு தட்டு. மேஸ்திரிக்கு அதெல்லாம் போதாது என்று பட்டது.

"நீ நல்லா இருக்கணும்யா" என்றார். குரல் உடைந்தது. "உன் கை நல்லா இருக்கணும்."

"சரி சரி, நாலாயிரத்து நாப்பதா, முப்பத்தெட்டா? ஒழுங்கா சொல்லு" என்றார் மில்லிமீட்டர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமை கிரேன் வந்தது. மேஸ்திரி காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. மூன்று சுவர் நின்றது. நான்காவதாகப் பின்சுவர் காற்றில் மெல்ல ஆடி இறங்கியபோது அவர் மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு மூலைக்கு மூலை ஓடினார். யாரும் ஓடச் சொல்லவில்லை. சுவர் அவருடைய செங்கல் வரிசை மேல் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் ஒரு நூல் மிச்சமில்லை, ஒரு நூல் குறைவில்லை. சாய்ந்த மூலையில் மட்டும் மில்லிமீட்டர் மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகி, சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார். மறுநாள் சாயங்காலத்துக்குள் கூரைச் சட்டமும் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து "என்ன மேஸ்திரி, மரமா?" என்றார். மேஸ்திரி அவரை விடவில்லை. மரச்சட்டத்தின் அருமை பெருமைகளை முக்கால் மணி நேரம் விளக்கினார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. மில்லிமீட்டர் கூரை மேலிருந்து கேட்டுச் சிரித்தார்.

அதற்கப்புறம் ஆறு வாரம் இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள். சட்டங்களுக்கு நடுவே பஞ்சை அடைத்தார்கள், பலகை அடித்தார்கள். குளியலறைக்கு டைல்ஸ் மேஸ்திரி பதித்தார். வாசல் சரிவையும் அவரே போட்டார். வெளிப்பக்கம் ஒரு வரிசைச் செங்கல் சுவர் எடுத்துக்கொள்ளட்டுமா, மழைக்கும் நல்லது என்று ஒருநாள் கூச்சத்தோடு கேட்டார். "அக்கா வந்த பிறகு நிதானமா எடுத்துக்கோ. உனக்கும் ஒரு சுவரு வேணுமில்ல" என்றார் மில்லிமீட்டர். சண்டை போடாமல் இல்லை. தினம் இரண்டு மூன்று நடந்தது. எல்லாம் நேரடியாகவே நடந்ததால் மேஸ்திரியின் மனைவி நிம்மதியாகத் தைத்தாள். சமையலறையில் வேலை செய்யும்போது சில நேரம் அவள் நின்று, அந்த இரண்டு குரலையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அண்ணிக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒன்பதாவது வாரம் அதிகாரி வந்தாள். சுவரில் ஒரு சின்னக் கருவியை வைத்து ஈரம் பார்த்தாள். எட்டு இடத்தில் வைத்தாள், எட்டிலும் ஈரம் இல்லை. காலி சக்கர நாற்காலியை வாசல் வழியாக உருட்டி, குளியலறைக்குள் திருப்பிப் பார்த்தாள். தாளில் கையெழுத்துப் போட்டாள். மேஸ்திரி அவளைக் கும்பிட்டார். போனில் அன்றைக்கு உண்மையைச் சொன்னதற்கும் சேர்த்துத்தான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டி அக்காவைக் கொண்டுவந்து விட்டது. யாரும் தள்ளக் கூடாது என்றாள். சரிவில் தானே சக்கரத்தைத் தள்ளி ஏறினாள். அறைக்குள் போய் நடுவில் நாற்காலியை நிறுத்தி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். ஜன்னலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், குளியலறையை எட்டிப் பார்த்தாள். மேஸ்திரி, அவர் மனைவி, மில்லிமீட்டர் மூன்று பேரும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். பரீட்சை எழுதிவிட்டு மார்க்குக்குக் காத்திருப்பவர்கள்கூட அவ்வளவு பயந்து நிற்க மாட்டார்கள்.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க" என்றாள் அக்கா.

போனார்கள். கதவு உள்ளிருந்து சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

சமையலறையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். உள்ளே சத்தமே இல்லை. "பிடிக்கல போலிருக்கு" என்றார் மேஸ்திரி. கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். மனைவி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. ஒம்பது மாசமா அண்ணி ஒரு கதவ சாத்தினதில்ல" என்றாள். "அங்க கதவு ஏது? வெறும் திரைதான். நர்ஸ் வருவாங்க, டாக்டர் வருவாரு, கூட்டறவங்க வருவாங்க. உடுப்பு மாத்தும்போதும் வருவாங்க, அழும்போதும் வருவாங்க. இப்ப சாத்தியிருக்காங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டுமே."

மேஸ்திரி கையை இறக்கினார். இத்தனை நாள் சுவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததை நினைத்தார். கதவு அவர் ஞாபகத்திலேயே வரவில்லை. உள்ளே இப்போது அழுகை கேட்டது, ரொம்ப மெல்ல. அது நின்றது. மூக்கைச் சிந்தும் சத்தம் வந்தது. மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா?"

"என்னடா?"

"ஒண்ணும் இல்லையே?"



"ஒண்ணும் இல்லடா. வீட்ல இருக்கேன்."

 மேஸ்திரி கதவுப் பலகையில் நெற்றியை வைத்து நின்றார். அவர் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, அக்கா மறுபடியும் சொன்னாள். இந்த முறை பஸ்ஸின் கடைசி சீட் வரைக்கும் கேட்கிற அவளுடைய பழைய குரலில்:

"வீட்லதான்டா இருக்கேன். நீ போய் வேலையப் பாரு!"